தேதிகள் உடைத்த வீடு: சேலம் கொலுசுக் குடும்பம் ஒன்றின் ஐந்து ஆண்டுகள்

இது என் அக்கா வீட்டுக் கதை. சேலம் பனங்காட்டில் வாடகை வீடு. மாமா கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கிற வேலை செய்கிறார். இருபது வருஷமாக அதே வேலைதான். அக்கா, மாமா, மாமாவின் அம்மாவான எங்கள் அத்தை, ஒரு பையன், ஒரு பெண் என்று ஐந்து பேர். நான் ஒரு ஜவ்வரிசி மில்லில் கணக்கு எழுதுகிறேன். அதனால்தான் இந்த வீட்டுக் கணக்கும் ஒரு கட்டத்தில் என் கைக்கு வந்தது. எழுதியதை அக்காவும் மாமாவும் படித்துப் பார்த்துவிட்டார்கள். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள், போடவில்லை.

நீண்ட நெருக்கடிக்கு வீட்டைத் தயார் செய்வது என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அரிசி மூட்டைதான். எனக்கும் அப்படித்தான் இருந்தது. இந்த வீட்டை ஐந்து வருஷம் பக்கத்திலிருந்து பார்த்த பிறகு அந்த எண்ணம் மாறிவிட்டது.

2020 மார்ச்: கணக்கு எப்படி இருந்தது

சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை, பள்ளப்பட்டி, சிவதாபுரம், பனங்காடு என்று வரிசையாகக் கொலுசுப் பட்டறைகள். ஒரு வீட்டில் கம்பி இழுப்பார்கள், இன்னொன்றில் முத்து கோப்பார்கள், மற்றொன்றில் மெருகு போடுவார்கள். ஆர்டர் இருந்தால் எல்லா வீட்டிலும் அடுப்பு எரியும். மாமாவுக்கு நல்ல மாதத்தில் 18,500 ரூபாய் கூலி வரும். அக்கா வீட்டில் உட்கார்ந்தபடியே முத்து கோத்து 4,500 சம்பாதிப்பாள். மொத்தம் 23,000. பார்க்கிறவர்களுக்கு இது நிமிர்ந்து நிற்கிற குடும்பம்தான்.

இப்போது போகிற பக்கத்தைப் பாருங்கள். வாடகை 4,000. இரண்டு நுண்கடன் குழுக்களின் தவணை 3,900. பைக் தவணை 2,350. அடகு வைத்த நகைக்கு 60,000 ரூபாய்க்கு ரெண்டு வட்டி, அதாவது மாதம் 1,200. ஏலச் சீட்டு 2,000. இவற்றோடு அக்காவுக்கே தெரியாமல் மாமா வாங்கியிருந்த 20,000 ரூபாய் பத்து வட்டிக் கடனுக்கு மாதம் 2,000. கூட்டினால் 15,450. ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி உண்டு. அந்தத் தேதியில் ஆள் வாசலில் நிற்பார், இல்லையென்றால் போன் வரும்.

மிச்சம் 7,550. அதில்தான் ஐந்து பேருக்குச் சோறு, பால், காஸ், கரண்டு, அத்தையின் சர்க்கரை மாத்திரை, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் நடக்க வேண்டும். நல்ல மாதத்திலேயே நடக்காத கணக்கு இது என்பது யாருக்கும் தெரியவில்லை. தெரியாமல் இருந்ததற்குக் காரணம், முழுக் கணக்கும் ஒரே தாளில் ஒருபோதும் இருந்ததில்லை.

2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குக் கொரோனா ஊரடங்கில் எல்லாம் நின்றது. மாமாவின் கூலியும் அக்காவின் முத்துக் கூலியும் ஒரே நாளில் போயின. இரண்டு வருமானம் இருக்கிறதே என்று நாங்கள் தைரியமாக இருந்தோம். அவை ஒரே கிளையில் கட்டிய இரண்டு ஊஞ்சல்கள் என்பது கிளை முறிந்த அன்றுதான் புரிந்தது.

அந்த வீட்டில் யாரும் பட்டினி கிடக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். ஏப்ரலில் அட்டைக்கு 1,000 ரூபாயும் அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் ரேஷனில் கிடைத்தன. நானும் ஒரு மூட்டை அரிசி கொண்டுபோய்ப் போட்டேன். அரிசிப் பானை காலியாகவே இல்லை. ஆனால் தவணைகள் அப்படியே நின்றன. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணை கட்டாமல் இருக்கலாம் என்று ரிசர்வ் வங்கி அறிவித்தது உண்மைதான். அது தவணையைத் தள்ளிவைத்ததே தவிர, அந்த ஆறு மாத வட்டியை நிறுத்தவில்லை. பைக் கடனில் கடைசியில் மாதங்கள் கூடியதைப் பார்த்துத்தான் மாமாவுக்கு அது விளங்கியது. அடகுக் கடைக்கும் பத்து வட்டிக்காரருக்கும் எந்த அறிவிப்பும் பொருந்தவில்லை. ஒரு சங்கிலி ஏலத்துக்குப் போய்விட்டது. தெருவில் பிடித்த சீட்டு பதிவில்லாதது, பாதியில் நின்றது, கட்டியதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே திரும்பி வந்தது. சீட்டு நடத்துகிறவர் பதிய வேண்டும் என்று 1982லேயே சட்டம் வந்துவிட்டது. தெருவில் யாரும் அதைக் கேட்பதில்லை, நாங்களும் கேட்கவில்லை.

தாது வருஷம்

அத்தைக்கு அவருடைய பாட்டி சொன்ன கதைகள் உண்டு. தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி அவர் பேசினால் பிள்ளைகள்கூட அசையாமல் கேட்பார்கள். 1876 முதல் 1878 வரை நீண்ட பஞ்சம் அது. 1871 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 19.7 லட்சம் பேர் இருந்த சேலம் மாவட்டத்தில் 1881ல் 16 லட்சம் பேரே இருந்தார்கள். மழை பொய்த்தது என்பது பாதிக் கதைதான். அந்த வருஷங்களிலும் வியாபாரிகள் கிடங்கில் தானியம் இருந்தது, கப்பலில்கூட ஏறிப் போனது. கூலிக்காரன் கையில்தான் அதை வாங்கக் காசு இல்லை. விலை ஏறியது, வேலை நின்றது, அவ்வளவுதான்.

"சோளம் சந்தையில கொட்டிக் கெடந்துச்சாம் சாமி, வாங்கறவன்தான் இல்ல" என்பார் அத்தை. 2020ல் சேலத்தின் மொத்த விலைச் சந்தையான லீ பஜாரில் மூட்டைகள் அடுக்கியிருந்ததைப் பார்த்தபோது எனக்கு அந்த வார்த்தைதான் நினைவுக்கு வந்தது.

நாள்காட்டித் தாள்

2021 மே 10ஆம் தேதி மறுபடியும் முழு ஊரடங்கு. அரசு தந்த 4,000 இரண்டு தவணையாக வந்தது. வந்த வேகத்தில் வட்டிக்குப் போனது. ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா என்னைக் கூப்பிட்டாள். "தம்பி, நீ ஒரு நாள் வந்து உக்காரு. எனக்கு எதுவும் பிடிபடல."

சாப்பிட்டு முடித்துக் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம். கிழித்த நாள்காட்டித் தாள்களைப் பின்பக்கம் திருப்பி, யார் யாருக்கு எவ்வளவு என்று எழுதத் தொடங்கினேன். மாமா ஒன்றும் பேசவில்லை. பற்றவைத்துப் பற்றவைத்துக் கருத்திருந்த கட்டைவிரல் நகத்தைச் சுரண்டிக்கொண்டே இருந்தார். முக்கால் மணி நேரம் போயிருக்கும். எழுந்து போய், ஆணியில் தொங்கிய சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு துண்டுச் சீட்டை எடுத்துத் தாளின் மேல் வைத்தார். பத்து வட்டிக் கணக்கு. 20,000 அப்போது 26,000 ஆகியிருந்தது.

அக்கா கத்துவாள் என்று நினைத்தேன். அவள் சீட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "எத்தன மாசமாங்க?" என்றாள்.

"ரெண்டு வருசம்."

அக்கா பேனாவை என்னிடமிருந்து வாங்கி, தானே அந்தத் தொகையை எழுதினாள். அதற்குக் கீழே, "பக்கத்து வீட்டு அக்கா, கைமாத்து, 15,000" என்றும் எழுதினாள். இது மாமாவுக்குத் தெரியாதது. அப்புறம் அத்தை மெதுவாக, மளிகைக் கடையில் 6,200 நிற்கிறது என்றார். ஒருவருக்கொருவர் கவலை வைக்கக் கூடாது என்றுதான் மூன்று பேரும் மறைத்திருக்கிறார்கள். கூட்டிப் பார்த்தபோது மொத்தக் கடன் 1,62,200. அந்த எண்ணைப் பார்த்த பிறகு அவர்கள் முகத்தில் பயத்தைவிட ஒருவித ஆசுவாசம்தான் தெரிந்தது. மூன்று பேரின் கணக்கும் ஒரே தாளில் வந்த அன்றுதான் அந்த வீட்டில் தயாரிப்பு தொடங்கியது என்று நான் சொல்வேன்.

எந்தக் கடனை முதலில் அடைப்பது

மாமா சிறிய கடன்களை முதலில் முடித்துவிடலாம் என்றார், மளிகைக் கடைக்காரர் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்பதால். நான் பிடிவாதமாக மறுத்தேன். பத்து வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் பத்து, வருஷத்துக்கு 120. பத்து மாதத்தில் வட்டி மட்டுமே முதலைத் தொட்டுவிடும். அதீத வட்டியைத் தடுக்க 2003லிருந்தே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது, புகாரும் கொடுக்கலாம். மாமா அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அதே தெருவில் வாழ வேண்டிய மனுஷனின் பயம் எனக்குப் புரிந்தது.

அக்கா கல்யாணத்துக்குப் போட்டுவந்த வெள்ளிச் சாமான் கால் கிலோ இருந்தது. விற்றதில் 17,000 வந்தது. மீதி 9,000 நான் போட்டேன். பத்து வட்டி ஒரே நாளில் முடிந்தது, மாதம் 2,600 ரூபாய் தப்பித்தது.

அடுத்தது நகைக் கடன். தனியார் அடகுக் கடையில் மாதம் 1,200 வட்டி. அதே 60,000 ரூபாய்க்கு வங்கியில் நூற்றுக்கு மாதம் முக்கால் ரூபாய் கணக்கில் 450தான். ஆனால் வங்கி நகையைக் கையில் பார்த்தால்தான் பணம் தரும், நகையோ அடகுக் கடையில். இந்த இடத்தில்தான் பலர் நின்றுவிடுகிறார்கள். காலையில் எங்கள் பெரியப்பா மகனிடம் ஒரு நாள் கைமாற்றாக 60,000 வாங்கி, பதினொரு மணிக்கு நகையை மீட்டு, மதியமே வங்கியில் வைத்து, மாலையில் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். மாதம் 750 மிச்சம்.

இந்த 750ல் ஒரு சங்கதி உண்டு. வீடு நடக்க ஒரு மாதத்துக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று அன்று கணக்குப் போட்டோம். வாடகையும் சேர்த்து 12,300. ஊரடங்குக்கு முன்னால் தவணை போக வாடகைக்கும் சாப்பாட்டுக்குமாக அவர்கள் கையில் நின்றது 11,550. நல்ல மாதத்திலேயே 750 குறைவு. அந்தச் சின்னத் துண்டுதான் வருஷக்கணக்கில் கைமாற்றாகவும் மளிகைப் பாக்கியாகவும் வளர்ந்திருக்கிறது.

12,300ஐ முப்பதால் வகுத்தால் நாளைக்கு 410. இந்த எண்ணை அக்கா சமையலறை அலமாரிக் கதவில் சாக்பீஸால் எழுதிவைத்தாள். இனி சேமிப்பை ரூபாயில் பேசக்கூடாது, நாளில் பேச வேண்டும் என்று முடிவானது. கையில் 4,100 இருந்தால் பத்து நாள். தபால் நிலையத்தில் 500 ரூபாயில் சேமிப்புக் கணக்கு தொடங்கினாள். பட்டறைப் பணம் எதுவும் அதில் கலக்கக் கூடாது. விலைவாசி ஏறும் என்பதால் வருஷா வருஷம் தை மாதத்தில் அந்த எண்ணைத் திருத்துகிறார்கள். 2025 தையில் அது 520 ஆனது.

மூட்டை வாங்கித் தோற்றது

இதை நான் செய்த தப்பு என்றே எழுத வேண்டும். மூன்றாவது அலை வரும் என்ற பேச்சைக் கேட்டு, 2021 செப்டம்பரில் லீ பஜாரில் மொத்தமாக அரிசி நான்கு மூட்டையும் துவரம்பருப்பு பதினைந்து கிலோவும் வாங்கிக் கொடுத்தேன். ஜனவரியில் அக்கா பருப்பு டின்னைத் திறந்து கையை விட்டாள். விரலிடுக்கில் மாவாகக் கொட்டியது. ஒவ்வொரு பருப்பிலும் ஊசி குத்தினாற்போல ஒரு ஓட்டை. டின் ஓரமாகக் கருப்பு வண்டு ஏறிக்கொண்டிருந்தது. அரிசியில் அந்துப்பூச்சி பறந்தது. பாதியைக் கோழிக்குத்தான் போட்டோம்.

அதற்குப் பிறகு சேமிப்பு அத்தையின் பொறுப்பு. அவருடைய முறை மிக எளிது: தினமும் சாப்பிடுவதை மட்டும் வைக்க வேண்டும், ஒன்றரை மாதத்துக்கு மேல் வேண்டாம், பழையதை எடுத்த பிறகுதான் புதியதைத் திறக்க வேண்டும். ரேஷனில் அட்டைக்கு வருகிற 20 கிலோவையும் கடையில் வாங்குகிற அரிசியையும் தனித்தனி டின்னில் போட்டுத் தேதி எழுதுகிறார்கள். அரிசியை உச்சி வெயிலில் காயப்போட்டால் நொறுங்கும், நிழலில்தான் உலர்த்த வேண்டும். உள்ளே காய்ந்த வேப்பிலை, நாலு மிளகாய் வற்றல், ஒரு துண்டு வசம்பு. பருப்பில் கொஞ்சம் விளக்கெண்ணெய் விட்டுப் பிசறி வைக்கிறார்கள். புளி மட்டும் வருஷத்துக்கும். மாசி பங்குனியில் புதுப்புளி மலிவாக வரும்போது வாங்கி, கொட்டை எடுத்து, உப்புப் போட்டு மண் சாடியில் அமுக்கிவிடுவார்கள். எண்ணெய் இரண்டு மாதத்துக்கு மேல் வைத்தால் சிக்கு வாடை அடிக்கிறது, அதனால் இருப்பு வைப்பதில்லை.

ராகிக்குத் தனி மரியாதை. நன்றாகக் காய்ந்த ராகியை வண்டு அவ்வளவாகச் சீண்டுவதில்லை. தானியமாகவே வைத்தால் வருஷக்கணக்கில் தாங்கும், அரைத்த மாவுதான் சீக்கிரம் கசக்கும். அந்தக் காலத்தில் பஞ்சத்துக்கென்று குழியில் கொட்டி மூடிவைத்தது இதனால்தான். வாரத்தில் மூன்று நாள் ராத்திரிக்குக் களியும் கீரைக் கடைசலும் என்று அத்தை வைத்தார். பிள்ளைகள் முதலில் முகம் சுளித்தார்கள். கஷ்டம் வந்த பிறகு களி போட்டால் அது தண்டனை மாதிரி ஆகிவிடும், நல்ல நாளிலேயே பழகட்டும் என்றார். இதைவிடச் சரியான ஒரு யோசனையை இந்த ஐந்து வருஷத்தில் வேறு யாரும் சொல்லவில்லை.

தண்ணீருக்கு, காவிரித் தண்ணீர் வருகிற நாளில் பிடித்துவைக்க இரண்டு டிரம். மற்றதற்கெல்லாம் போர் உப்புத் தண்ணீர். காஸ் இரண்டு சிலிண்டர். வேறு ஒன்றுமில்லை.

இன்னொரு கிளை

முத்துக் கோப்பதை அக்கா விடவில்லை, ஆனால் குறைத்துக்கொண்டாள். வெள்ளியோடு சம்பந்தமில்லாத ஒரு வருமானம் வேண்டும் என்று யோசித்தபோது பக்கத்திலேயே கிடைத்தது. சேலத்தில் சாயங்காலம் ஆனால் தெருவுக்கு ஒரு தட்டுவடை செட் கடை. காய்கறியும் சட்னியும் கடைக்காரர் வைத்துக்கொள்வார், தட்டுவடை மட்டும் வெளியிலிருந்து வாங்குவார். அக்கா மூன்று கடைகளுக்குப் போட்டுக் கொடுக்க ஆரம்பித்தாள். முதல் இரண்டு மாதம் தட்டுவடை எண்ணெய் குடித்தது, ஒரு கடைக்காரர் திருப்பியே அனுப்பினார். பிறகு பிடிபட்டது. செலவு போக மாதம் 7,000 நிற்கிறது.

காகித வேலைகளை நான் பார்த்துக்கொண்டேன். மாமாவைப் பொற்கொல்லர் நல வாரியத்தில் பதிந்தோம். வங்கிக் கணக்கிலிருந்து வருஷம் 20 ரூபாய் பிடிக்கிற இரண்டு லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு, 436 ரூபாய் பிடிக்கிற இரண்டு லட்ச ரூபாய் ஆயுள் காப்பீடு. எல்லாக் கணக்கிலும் வாரிசுப் பெயரைச் சேர்த்தோம். காகிதங்கள் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன, டப்பா இருக்கிற இடம் பெண் குழந்தைக்கும் தெரியும்.

2023 கடைசிக்குள் வங்கி நகைக் கடன் உள்பட எல்லாம் அடைந்துவிட்டது. சீட்டில் மறுபடி சேரவில்லை. தேதி என்று மிஞ்சியது வாடகை மட்டும்தான்.

2025: வெள்ளி ஏறியது

2025 தொடக்கத்தில் சென்னையில் வெள்ளி கிராம் 100 ரூபாயை ஒட்டி இருந்தது. அக்டோபரில் 200ஐத் தாண்டியது. வெள்ளி வைத்திருந்தவர்களுக்கு யோகம், வெள்ளியில் வேலை செய்கிறவர்களுக்குச் சோதனை. பத்து கிலோ வெள்ளி வாங்கிப் பட்டறை ஓட்டப் பத்து லட்சம் போட்டவர் அப்போது இருபது லட்சம் போட வேண்டியிருந்தது. கடைக்காரர் இருப்பைக் குறைத்தார், வாங்க வந்தவர் கனம் குறைந்த கொலுசைக் கேட்டார். மாமாவுக்கு மாதம் 25 நாள் இருந்த வேலை 11 நாள் ஆனது. 22,000 வந்த இடத்தில் 9,500.

மாமாவுக்கு இன்னொரு வருத்தமும் சேர்ந்தது. அன்று 17,000க்கு விற்ற கால் கிலோ இன்றைக்கு 50,000 போயிருக்குமே என்றார். உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டினேன். அந்த 17,000ஐப் பத்து வட்டியில் விட்டிருந்தால் மாதம் 1,700. 2021 ஜூலையிலிருந்து 2025 அக்டோபர் வரை 51 மாதம். 86,700 ரூபாய் வட்டி மட்டும் போயிருக்கும், முதல் அப்படியே நிற்கும். "சரி விடு" என்றார். இருந்தாலும் அந்த வெள்ளிச் சொம்பைப் பற்றி இன்றும் பேசுகிறார்.

அந்த மாதங்களில் 9,500ம் அக்காவின் 7,000ம் சேர்ந்து 16,500. வீட்டுக்குத் தேவை 15,600. இரண்டாவது வருமானம் வேறு தொழிலில் இருந்தது, தேதிக்காரர் யாரும் வாசலில் இல்லை. 2020ல் இதைவிடப் பெரிய வருமானத்திலேயே ஆடிப்போன வீடு இப்போது பாதி வேலையில் நின்றது. தபால் நிலையத்தில் 62,400 இருந்தது, நூற்றிருபது நாள். ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை சாப்பாட்டுக்காக அதைத் தொடவே இல்லை.

தொட்டது வேறு இரண்டுக்கு. பையனின் பாலிடெக்னிக் கட்டணத்தில் குறைந்த 6,400. அப்புறம் சீர்.

மாமாவின் தங்கை மகளுக்குக் கார்த்திகையில் பூப்புனித நீராட்டு விழா. தாய்மாமன் சீர் இல்லாமல் எப்படி? 18,000 ஆனது. நான் வேண்டாம் என்றேன், கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். முப்பத்தைந்து நாள் சாப்பாடு அது. அக்கா அடுப்பை விட்டுத் திரும்பாமலே பதில் சொன்னாள்: "தம்பி, 2020ல நமக்கு அரிசி கொண்டுவந்து எறக்குனதுல நீ ஒருத்தன்தானா? அவங்களும்தான். சீர் செய்யாம இருந்துட்டு நாளைக்கு எந்த மொகத்தோட போய் நிக்கறது?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. கைமாற்று கொடுக்க ஆள் இருப்பதும் ஒரு சேமிப்புதான், ஒரு நாள் அறுபதாயிரம் கிடைத்ததால்தான் நகை வங்கிக்குப் போனது. ஆனாலும் 18,000 அதிகம், பத்தாயிரத்தில் மரியாதையாகச் செய்திருக்கலாம் என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். இந்த இடத்தில் அக்காவும் நானும் ஒத்துப்போகவில்லை.

2026 தையில் அலமாரிக் கதவில் 520ஐ அழித்து 545 எழுதினார்கள். கணக்கில் 38,000 இருந்தது, எழுபது நாளுக்குக் கொஞ்சம் குறைவு. நோட்டில் அக்கா புதிதாக ஒரு கோடு இழுத்து, மேலே "சீர்" என்று எழுதி, மாதம் 600 என்று போட்டிருக்கிறாள்.